தொய்வில்லாத வேலி

நான் வேலை பார்த்த இரும்புக்கடை மலாக்கா ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் அஞ்சடியில், அதாவது கடை முகப்பு நடைபாதையில், இரண்டு தூண்களுக்கு நடுவே, ஒரு நாள் காலை அத்தான் கம்பி கட்டினார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கப்பலில் புதிதாக வந்திறங்கியிருந்த கம்பி இழுக்கும் கருவியை வாங்க வந்தவர், இழுத்துப் பார்க்காமல் எடுத்துப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது மாடு வாங்குவார்களா என்பது அவர் கட்சி. கருவி என்பது ஒரு நீளச் சங்கிலி, அதன் இரண்டு முனையிலும் கம்பியைக் கவ்வும் இரும்பு வாய், நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் அது சங்கிலியின் ஒவ்வொரு வளையமாக ஏறிப்போகும், கம்பி இறுகும். அத்தான் ஆட்ட ஆட்டத் தூணிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே கல்லாவை விட்டு ஓடிவந்து, “தியாங் ஜாத்தோ, தியாங் ஜாத்தோ” எனத் தூண் விழுவதாக மலாயில் கத்தி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், விழுந்தால் தானே தாங்கிவிடுவது போல. அத்தான் கம்பியை விரலால் சுண்டினார். அது பாடியது.

“இதத்தான் மச்சான் இத்தன வருசமாத் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்தது அவருடைய கல்யாணத்தில்தான். அன்றுகூட வேட்டி அவருக்குக் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தது.

எங்கள் கடையின் பின்கட்டில் கம்பி இழுக்கும் வேலையின் வரலாறு மொத்தமும் தூசி படிந்து கிடந்தது. யாரும் அதை வரலாறு என்று நினைத்துச் சேர்த்து வைக்கவில்லை. தவுக்கேக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் கருவி என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஆட்கள் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள், மூன்றாமவன் கடப்பாரையில் அதைச் சுற்றி நெம்புவான். அதற்குப் பிறகு கவட்டைக் கட்டை வந்தது. கவட்டைக்குள் கம்பியைக் கொடுத்துக் கட்டையை ஒரு திருகு திருகிக் கம்பத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். சில தோட்டங்களில் மாட்டுவண்டியின் அச்சைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் குடத்தில் கம்பியைக் கட்டிச் சக்கரத்தைச் சுற்றுவார்களாம். ஆற்றில் படகு இழுக்கிறவர்களிடம் கப்பியும் கயிறும் இரவல் வாங்கிச் செய்தவர்களும் உண்டு. பிறகுதான் சீமையிலிருந்து பல்சக்கரம் வந்தது. மரக் கைப்பிடி, ஒரு சிறிய உருளை, அது பின்வாங்காமல் தடுக்க ஒரு நாக்கு. நல்ல சாமான்தான். ஆனால் நாக்கு தேய்ந்துவிட்டால் கைப்பிடி திரும்பி வந்து இழுப்பவனின் தாடையில் அடிக்கும். எங்கள் கடைக்கு வருகிற வேலிக்காரர்களில் முன்பல் இல்லாதவர்களைப் பார்த்தால் அவர்கள் எந்தக் காலத்துத் தொழிலாளி என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் இருந்தது. எதைக்கொண்டு எவ்வளவு இழுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் தொய்வு விழும். நான் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். நாற்று மேடையைச் சுற்றி வேலி இருந்தது, துரையின் பங்களாவைச் சுற்றி வேலி இருந்தது, மாட்டுப்பட்டிக்கும் இருந்தது. ஒவ்வொரு வேலியிலும் தொய்வு எங்கே என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து மேல்கம்பியைக் கையால் தூக்கித் தலையில் விறகோடு தாண்டிப் போவார்கள். ஆட்டுக்குக்கூட இடம் தெரியும். துரைக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். வேலி போட்டவனுக்கும் தாண்டுகிறவனுக்கும் இடையில் அப்படி ஓர் உடன்பாடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. கருவிகளின் குறைபாட்டில் நாங்கள் சௌகரியமாகக் குடியிருந்தோம் என்பதை அந்தக் குறைபாடு நீங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அத்தான் ஒரு வேலிக் கான்ட்ராக்டரிடம் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தார். மலாக்கா டவுனையொட்டிய காஜா பெராங்கில், பல தலைமுறையாக மலாய் பேசிவந்த ஒரு செட்டிக் குடும்பத்தின் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்து அக்காவோடு குடியிருந்தார். நானும் அங்கேயே தங்கிச் சைக்கிளில் கடைக்குப் போய்வந்தேன். அந்தச் செட்டி வீட்டு அம்மாளுக்குத் தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறொன்றும் பேச வராது. ஆனால் திருநீறு எங்களைவிட அகலமாகப் பூசுவார், அக்காவைத் தன் மகளைப்போல் வைத்திருந்தார். அத்தான் பேச்சில் சிக்கனம், வேலையில் பிடிவாதம். நடுவெயிலில் கம்பி இழுக்க மாட்டார். வெயிலில் நீண்டிருக்கும் கம்பியை அப்போது இழுத்துக் கட்டினால், மழை பெய்து குளிரும்போது அது சுருங்கி மூலைக் கம்பத்தையே பிடுங்கிவிடும் என்பார். கான்ட்ராக்டர் நிழலில் நின்று கத்திக்கொண்டிருப்பார், இவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வெயில் இறங்கக் காத்திருப்பார்.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்திருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஆட்கள் சோறு கொடுக்கிறார்கள் என்று, சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட உத்தரவானது. ஒரே வாசல், அதில் காவல். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள், ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் வாசல் மூடிவிடும். எங்கள் தோட்டத்து வேலியும் அத்தானுடைய கான்ட்ராக்டருக்கே கிடைத்தது. ஆக, என் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே வைத்து அவர்களுடைய மாப்பிள்ளையே வேலி கட்ட வேண்டியதாயிற்று. கருவியை விற்றவன் நான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரன் என்றால் உலகம் எப்போதும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் வேலி வந்தபோது அப்பா அத்தானிடம் போய் நின்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவர், மாப்பிள்ளையிடம் கேட்பது அதைவிடக் கஷ்டம். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் தொய்வா விடுங்க மாப்ள. பொம்பளைங்க ஆத்துக்குப் போவணும். எப்பவும் உள்ளதுதான.”

அத்தான் கைப்பிடியை விடாமல், “முடியாது மாமா” என்றார்.

“ஒரு கம்பிதான.”

“துரைங்க வந்து தட்டிப் பாப்பாங்க. ஒரு எடத்துல தொய்வு இருந்தா காட்டுக்காரனுக்கு வழி விட்டேம்பாங்க. எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் சேத்துதான்.”

அவர் சொன்னது உண்மை. மறுநாளே ஓர் அதிகாரி வந்து கைப்பிரம்பால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே முழுச் சுற்றும் நடந்தார். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. அவர் அத்தானின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் லயமே பார்த்துக்கொண்டிருந்தது. பயம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கருவி கையில் இருக்கும்போது ஒரு கம்பியை வேண்டுமென்றே தொய்வாக விடுவது அத்தானால் ஆகாத காரியம். அப்பாவுக்கும் அது புரிந்திருந்தது. “மாப்ள கை சுத்தம். அதான் கஷ்டம்” என்று அன்று மாலை சொன்னார். அதற்குப் பிறகு அவர் அத்தானோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

லயத்தார் அப்படி நிதானமாகப் பேசவில்லை. வேலியே பயிரை மேய்கிறது என்றார்கள். அடுத்த வீட்டில் ஓர் அத்தை இருந்தாள், பால் வெட்டுகிறவள். அவளுடைய தூக்குச் சட்டியில் பழைய சோறு இருந்ததென்று வாசலில் பிடித்து வைத்து, அவளுக்கு ரேஷனைக் குறைத்துவிட்டார்கள். முன்பு காலை வெயிலில் தொய்வு வழியாகப் போய்வந்தவள் அவள். அத்தான் பெயரை எடுத்தாலே மண்ணை வாரித் தூற்றினாள். அப்பாவைப் பார்த்து, “வேலியில போன ஓணானப் புடிச்சி மடியில கட்டிக்கிட்டியே, அண்ணே” என்றாள். அப்பா வீட்டுக்குள் போனார்.

இந்த நேரத்தில்தான் அக்கா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய்வீடோ வேலிக்குள் இருந்தது. கம்பிக்குள் என் பேரப்பிள்ளை பிறக்க வேண்டாம், டவுனிலேயே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா என்னிடம் சொல்லி அனுப்பினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னாள். காஜா பெராங் வீட்டில் நான் இதைச் சொன்னபோது அத்தானும் இருந்தார். அக்கா எழுந்து போய்ச் சேலைகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

“நான் அம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள் அத்தானைப் பார்த்து. “நீங்க கட்டுன வேலி எத்தன நாளு நிக்கிதுன்னு உள்ள இருந்தே பாக்குறேன். அது விழுந்த அன்னிக்கி வரேன். அதுவரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாது. பாக்கணும்னா வெளிய நின்னு பாருங்க.”

அத்தான் அவளைத் தடுக்கவில்லை. கட்டிய மூட்டையைப் பார்த்து, முடிச்சு தளர்வாக இருக்கிறதென்று அதை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அந்த வேலி விழும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அத்தான் கட்டிய வேலி, வேறு யார் கட்டியிருந்தாலும் சந்தேகப்படலாம். அக்கா சொன்னது கிட்டத்தட்ட உறவையே தீர்த்துவிட்டதற்குச் சமம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிள்ளை உள்ளே பிறந்தது, பையன். பேர் வைத்த அன்று அம்மா அதைத் துணியில் சுற்றி வாசலுக்கு வெளியே கொண்டுவந்து அத்தானின் கையில் கொடுத்தாள். அக்கா வாசல் வரைக்கும் வந்து, உள்ளேயே நின்றாள். ஆணி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளில் பிள்ளை அழாமல் கிடந்தது. சிறிது நேரத்தில் அத்தான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் போனார். எங்கள் வீட்டுப் பின்புறம், வேலிக்கு வெளியே, அப்பா தொய்வு கேட்ட அதே இடத்தில் போய் நிற்பார். நிழல் கிடையாது, வேலியோரத்து மரங்களை எல்லாம் வெட்டியிருந்தார்கள். அக்கா உள்ளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, பெரும்பாலும் ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவை பிள்ளையின் கன்னத்தைத் தொடக் கம்பிகளை விலக்கப் பார்த்தார். அவை அசையவில்லை. முள் கிழித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்தக் கம்பியை ஒருமுறை சுண்டிப் பார்த்தார், இன்னும் சரியாக இருக்கிறதா என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முதலில் லயத்தார் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வீட்டு அத்தை மீன் கழுவிய தண்ணீரை அவர் பக்கமாக ஊற்றினாள். கடையில் வேலிக்காரர்கள், கம்பியை இழுக்கத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியை இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை என்று கேலி செய்தார்கள். காஜா பெராங்கில் செட்டி வீட்டு அம்மாள் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தன் வாசலில் நின்று, “பெலும் பாலிக்?” என்று கேட்பார், இன்னும் திரும்பவில்லையா என்று. அத்தான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். அவர் போன பிறகு அந்த அம்மாள் ஒரு தட்டில் சோறு மூடிக் கொண்டுவந்து வைப்பார்.

பிள்ளை தவழத் தொடங்கிய சமயம் ஒரு ஞாயிறு நல்ல மழை. அத்தான் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வீட்டுக்குள் இருந்தேன். அடுத்த வீட்டு அத்தை கொல்லைப்புறமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எங்கள் அம்மாவிடம் வந்து, “ஏங்க்கா, அந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடுக்க முடியலயே நம்மளால” என்றாள். வேலியைத் தாண்டி எதையும் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு, கொடுத்தால் மறுபடி அவளுக்குத்தான் ரேஷன் குறையும். அவள் சொன்னதை அம்மா இரவு அப்பாவிடம் சொன்னாள். அப்பா காதில் விழாததுபோல் சுருட்டைப் பற்ற வைத்தார்.

சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருந்தது. அதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள், வாசலில் காவல் இல்லை. வேலி மட்டும் நின்றது. ஒரு நாள் அதையும் எடுத்துவிடலாம் என்று தோட்டத்திலிருந்து சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் இளவட்டங்கள் பாராங் கத்தியோடு போய்விட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அவர்கள் பழகிய வேலியெல்லாம் தொய்வுள்ள வேலி, வெட்டினால் அப்படியே தொங்கும். இது அத்தான் இழுத்த கம்பி. ஒருவன் ஓங்கி வெட்டியதும் அது விருட்டென்று சுருண்டு திரும்பி, லயத்துக் கூரைத் தகரத்தைக் கிழித்து, அடுத்த வீட்டு அத்தையின் முழங்கையையும் பிளந்துவிட்டது. எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டே அவள்தான் சொன்னாள்: “போயி மாப்ளயக் கூட்டியாங்க. அவருதான் வரணும்.”

அவள் வாயில் அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அத்தானைக் கூட்டிவந்தேன். அவர் வாசல் வழியாக உள்ளே வந்தார், அந்த வேலி எழுந்த பிறகு முதல் தடவையாக. யாரும் முகத்தைத் திருப்பவில்லை. ஒருவர் அவர் கையிலிருந்த கருவியை வாங்கிச் சுமந்தார், வெட்டிய பையன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அத்தான் கம்பியில் இரண்டு வாயையும் கவ்வவிட்டு, கருவியில் பாரத்தை ஏற்றி, முடிச்சை அவிழ்த்து, பிறகு ஒவ்வொரு வளையமாகப் பின்னால் விட்டார். பழைய கருவிகள் எதிலும் இந்த வசதி கிடையாது. கவட்டைக் கட்டையும் வண்டிச் சக்கரமும் இழுக்க மட்டுமே தெரிந்தவை. அன்று முழுவதும் அவர் விட்டுக்கொண்டே போனார், ஆண்கள் கம்பியைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பின்புறம் வந்தபோது அப்பா அங்கே நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இழுக்கும்போது பாட்டு மாதிரி சத்தம் வந்திச்சே. இப்ப வல்லியே” என்றார்.

“விடும்போது சத்தம் வராது மாமா.”

அவ்வளவுதான் பேசினார்கள். அப்பா உள்ளே போய்க் காப்பி போடச் சொன்னார். மாலையில் கம்பிச் சுருள் ஏற்றிய லாரியில் அக்கா பிள்ளையோடு ஏறிக்கொண்டாள். காஜா பெராங்கில் இறங்கியபோது செட்டி வீட்டு அம்மாள், “சுடா பாலிக்”, திரும்பிவிட்டாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சூடம் கொளுத்த உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நாடு சுதந்திரம் பெற்றது, தவுக்கே இறந்தார், கடை கைமாறியது, அப்பாவும் அம்மாவும் போனார்கள். அத்தானும் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அக்கா மட்டும் காஜா பெராங்கில் இருக்கிறாள். அந்தத் தெருவில் இப்போது எல்லா வீட்டுக்கும் தானாகத் திறந்து மூடும் கேட், பொத்தானை அழுத்தினால் போதும், இழுக்க ஆள் வேண்டியதில்லை. போன மாதம் போயிருந்தேன். அக்கா பயிற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். வயதாகிவிட்டால் கேட்கக்கூடாதவற்றைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. “அத்தான் மேல அவ்வளவு கோவமாக்கா அப்போ?” என்று கேட்டேன்.

“கோவமா? எதுக்கு?” என்றாள். “அவரு கட்டாட்டி இன்னொருத்தன் கட்டியிருப்பான்.”

“அப்புறம் ஏன் போயி உள்ள உக்காந்த?”

“எல்லாரையும் உள்ள வச்சிக் கட்டிட்டு அவன் பொண்டாட்டி மட்டும் டவுன்ல சொகமா புள்ள பெத்துக்கிட்டான்னு பேசியிருப்பாங்க. அப்பா அந்த லயத்துல தல நிமிந்து நடக்க முடியுமா? இவரு அந்தப் பக்கம் காலு வைக்க முடியுமா? நான் உள்ள இருந்தா யாரு என்ன சொல்லுவா?”

“அத அவருகிட்ட சொல்லியிருக்கலாமே. பாவம், மழையில எல்லாம் வந்து நின்னாரு.”

“சொல்லியிருந்தா நிம்மதியா வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பாரு. அவரு வந்து நின்னத நாலு பேரு பாத்தாங்கல்ல, அதுலதான் அவுங்க மனசு எறங்கிச்சி.”

“பின்னாலயாவது சொன்னியா?”

“இல்ல.” உடைத்த காயைத் தட்டில் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். “கடேசி வரைக்கும் நான் கோவிச்சிக்கிட்டுப் போனதாத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தாரு. மறுபடியும் போயிருவேனோங்கிற பயத்துல ஒரு நாளும் என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல. அத நான் எதுக்குப் போயிக் கெடுக்கணும்?”